முதல் நாள் ஒரு காபி விற்றது... மறுநாள் என்ன நடந்தது தெரியுமா?

மெரினா கடற்கரை. ஆண்டு 1982. புதிதாக ஒரு வண்டிக்கடை. சுற்றியிருந்த கடைகளில் டீயும் சிகரெட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கடைக்காரப் பெண்மணியோ கட்லெட், சமோசா, பழச்சாறு, காபி, டீ என்று வகைவகையாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்று முழுக்க என்ன வியாபாரம் ஆனது தெரியுமா? ஒரு காபி! ஒரே ஒரு காபி! விலை 50 பைசா!

அவர் பெயர் பாட்ரிசியா நாராயண். இரண்டு குழந்தைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் என்று வீட்டிலேயே போட்டு, அம்மா வேலை பார்த்த அலுவலகத்தில் விற்றுப் பார்த்தார். தன் கைப்பக்குவத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கடற்கரைக்கு வந்தார். வண்டி நிறுத்த அனுமதி வாங்கவே ஏறக்குறைய ஓராண்டு அலைந்திருக்கிறார்! அப்படி வாங்கிய இடத்தில்தான் முதல் நாள் கல்லாவில் 50 பைசா. அழுதபடி வீடு திரும்பியவரிடம், ஒரு காபியாவது விற்றதே, நாளைக்குப் பார் என்று அம்மா தேற்றினாராம். மறுநாளும் வண்டியைத் திறந்தார். அன்று விற்பனை 600, 700 ரூபாய்! 1982-இல் 700 ரூபாய் என்றால் எவ்வளவு பெரிய பணம்!

அந்த 700 ரூபாயைவிட, அவர் மறுநாள் போனாரே, அதுதான் என்னை அசர வைக்கிறது. தொழில் தொடங்குகிற முதல் நாளுக்குப் பூஜை உண்டு, மாலை உண்டு, வாழ்த்த உறவினர் உண்டு. இரண்டாம் நாளுக்கு ஒருவரும் வருவதில்லை. நாம் வெற்றிக் கதைகளை எழுதும்போதும் முதல் நாளின் துணிச்சலை எழுதுகிறோம், கடைசி நாளின் கோடிகளை எழுதுகிறோம். நடுவில் இருக்கும் அந்த மறுநாளை விட்டுவிடுகிறோம். சொந்தக் காலில் நின்றவர்கள் எல்லாரும் அந்த மறுநாளில்தான் நின்றிருக்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியிலும் குளியலறையிலும் கிடக்கும் சாதாரணப் பொருள்களுக்குப் பின்னால் எத்தனை மறுநாள்கள் இருக்கின்றன தெரியுமா?

பாட்ரிசியா அதன்பின் குடிசை மாற்று வாரியத்தின் கேன்டீனை நடத்தினார், இன்னும் பெரிய கேன்டீன்களைப் பிடித்தார், பின்னாளில் உணவகங்களே தொடங்கினார். 2010-இல் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி அவருக்குச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது கொடுத்தது. இன்னொன்று தெரியுமா? அந்த முதல் வண்டிக்கடையில் மாற்றுத்திறனாளிகள் இருவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனக்கே பிழைப்பு உறுதியில்லாத நாளில் இன்னும் இருவருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுதான் அவர் கடையைத் திறந்தார்!

மொட்டை மாடியில் அப்பளம் காயப்போட்டு ஒரு பேரியக்கத்தையே உருவாக்கிய பெண்களைத் தெரியுமா? 1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் பகுதி. குஜராத்திப் பெண்கள் ஏழு பேர் தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் கூடினார்கள். பெரிய படிப்பில்லை. தெரிந்த வேலை சமையல் ஒன்றுதான். முதல்? 80 ரூபாய்! அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டரிடம் வாங்கிய கடன். அன்று இட்டது நான்கு பாக்கெட் அப்பளம். அதுதான் இன்று நாடு முழுக்கத் தெரிந்த லிஜ்ஜத்!

முதல் ஆண்டு மொத்த விற்பனை 6,196 ரூபாய். வெயிலை நம்பிய தொழில் ஆயிற்றே, மழைக்காலத்தில் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. விட்டார்களா? அடுத்த ஆண்டு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு! மழையிலும் அப்பளம் காய்ந்தது! பெயர் வைத்த கதையும் அருமை. 1962-இல் போட்டி வைத்தார்கள். லிஜ்ஜத் என்ற பெயரைச் சொன்னவருக்குப் பரிசு 5 ரூபாய்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ஏற்பாடு. காலையில் மையத்துக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிப் போகலாம். வீட்டில் இருந்தபடியே அப்பளம் இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூலியையும் அடுத்த மாவையும் வாங்கிக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கிறதா, மாமியாருக்கு உடம்பு சரியில்லையா, வெளியே போக வீட்டில் தடையா, எதுவும் இந்த வேலையை நிறுத்தாது. சேருகிற ஒவ்வொருவரும் சகோதரி, ஒவ்வொருவரும் பங்குதாரர். நன்கொடை வாங்குவதில்லை என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. லாபமும் எங்களுடையது, நட்டமும் எங்களுடையது என்று நின்றார்கள். இன்று ஏறக்குறைய 45,000 பெண்கள்! அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாடியில் மாவு பிசைந்து 62 ஆண்டுகள் கழித்து!

இனி தீப்பெட்டி. சிவகாசியின் முதல் தீக்குச்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்கத்தாவிலிருந்து! மானாவாரி பூமி, பொய்த்த மழை, பிழைப்புக்கு வேறு வழி தேடவேண்டிய ஊர். 1922-இல் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரு உறவுக்காரர்கள் கிளம்பிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். இடம் புதிது, மொழி புதிது, சாப்பாடு புதிது. மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, பூர்ண சந்திர ராய் என்ற வங்காளியிடம் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது.

ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துத்தான் தொடங்கினார்கள். பிறகுதான் புரிந்தது, தங்கள் ஊருக்கு இயந்திரத்தைவிடக் கைவேலை கட்டுப்படியாகும் என்று. எவ்வளவு பெரிய முடிவு பாருங்கள்! காசு போட்டு வாங்கிய இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, ஊரில் இருக்கிற கைகளை நம்புவது! எதிரே நின்றது யார் தெரியுமா? சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிப் பெருநிறுவனம்! அதற்கு எதிரே, வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய குடும்பங்கள் ஒரு தொழிலையே தாங்கிப் பிடித்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததால் காலண்டர் வந்தது. மருந்துக் கலவை கைவந்ததால் பட்டாசும் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் முருகன் படக் காலண்டருக்கும் கல்கத்தாவில் இரண்டு பேர் பட்ட பாட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு!

இந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் இதே தொழிலில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளின் விரல்கள் பல ஆண்டுகள் தேய்ந்தன. ஒருவருடைய சொந்தக்கால் இன்னொரு குழந்தையின் தோள்மேல் நிற்கக்கூடாது. அந்த வழக்கத்துக்கு எதிராகப் போராடியவர்களின் விடாமுயற்சியும் இந்தத் தொழிலின் வரலாற்றுக்குள் வரவேண்டியதுதான்.

சரி, கோயம்புத்தூருக்கு வாருங்கள்! இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கோவைக்கு அருகே கலங்கல் என்ற ஊரில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, தொடக்கப் படிப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அதே போல ஒன்று வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டது. என்ன செய்தார் தெரியுமா? கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார்! ஆண்டுக்கணக்கில் டம்ளர் எடுத்து, இலை எடுத்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றினாரா? இல்லை! அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். மீண்டும் மாட்டினார். கழற்றிக் கழற்றி மாட்டியே மெக்கானிக் ஆனார்!

1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரேதான். அதற்கு ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தொழிலதிபர் பணம் கொடுத்து உதவினார். இந்த உதவிகளை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். லிஜ்ஜத்துக்கு 80 ரூபாய் கொடுத்த பாரேக், சிவகாசிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்த ராய், நாயுடுவை நம்பிய ஸ்டேன்ஸ். தன் முயற்சியால் எழுந்தவர் என்று நாம் யாரைச் சொன்னாலும், அவரை நம்பிய ஒருவர் அருகில் இருந்திருக்கிறார். அந்த ஒருவராக இருப்பதற்குப் பெரிய செல்வம்கூடத் தேவையில்லை, 80 ரூபாய் போதுமாக இருந்திருக்கிறது!

அந்த ஒற்றைப் பேருந்து பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. இன்னொருவராக இருந்தால் அத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நாயுடு? பேட்டரியில் ஓடும் சவர ரேசர் செய்தார். அதற்கு ரசந்த் என்று பெயர். ஜெர்மனியில் தயாரானது! மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார். வாக்குப் பதிவு செய்யும் இயந்திரம் செய்தார்! 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை என்ன தெரியுமா? 2,000 ரூபாய்! உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வரவில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது எனக்கு. அது வந்திருந்தால் நம் சாலைகள் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் நாயுடு செய்ததில் பெரியது என்று நான் நினைப்பது வேறொன்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டாரை வெளியே கொண்டுவந்தார். மோட்டார் தொழில் கோவையில் வேர்பிடித்தது. கிணற்றுக்கு பம்புசெட் வந்தது. தெருவுக்குத் தெரு பட்டறை வந்தது. 1955-இல் அதே கோவையில் பி. சபாபதி என்பவர் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார்! நூற்றாண்டுக் கணக்கில் நம் பாட்டிமார்கள் தோள் நோக ஆட்டிய கல் தானாகச் சுற்றியது! கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பதைப் போல.

ஆட்டுகிற நேரம் மிச்சமானது மட்டுமா நடந்தது? வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தால் போதும், தொழில் தொடங்கலாம் என்றாயிற்று! எந்தத் தெருவிலும் பாருங்கள், வாசலில் ‘இங்கு இட்லி மாவு கிடைக்கும்’ என்று சாக்பீஸில் எழுதிய பலகை. உள்ளே ஒரு அக்கா விடியுமுன் அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, மழைக்கும் வெயிலுக்கும் புளிப்பின் பதம் பார்த்து, பாக்கெட் கட்டுகிறார். குளிர்நாளில் மாவு பொங்காது, கோடையில் பொங்கி வழியும். இரண்டு நாள் புளித்துப்போனால் வாடிக்கைக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இவருக்கு விருது இல்லை, பேட்டி இல்லை. வருகிற வருமானத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் போகிறது, நகைச்சீட்டு போகிறது, வீட்டில் அவர் சொல் எடுபடுகிறது. என் பார்வையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொழில்முனைவோர் கூட்டம் இதுதான்!

அதே கோவையில்தான் அருணாசலம் முருகானந்தம். நெசவாளியான அப்பா விபத்தில் இறந்துபோக, 14 வயதில் படிப்பை நிறுத்தி, வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். 1998-இல் திருமணம். மாதவிலக்கு நாள்களில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்து, நாப்கினை மலிவாகச் செய்து கொடுக்கலாம் என்று இறங்கினார். பஞ்சை வைத்துச் செய்தார், சரிவரவில்லை. மீண்டும் செய்தார், சரிவரவில்லை. சோதித்துச் சொல்லப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அப்போது என்ன செய்தார் தெரியுமா? ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார்! ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார். அம்மாவும் போனார். அப்போதும் மறுநாள் காலை எழுந்து அதே பஞ்சைக் கையில் எடுத்தார்!

கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது பஞ்சே அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஆயின. அதைச் செய்யும் வெளிநாட்டு இயந்திரம் மூன்றரைக் கோடி ரூபாய். முருகானந்தம் செய்த இயந்திரம் எவ்வளவு தெரியுமா? 65,000 ரூபாய்! நாரைப் பிரி, அழுத்தி வடிவம் கொடு, துணி சுற்று, புற ஊதா ஒளியில் கிருமி நீக்கு. அவ்வளவுதான், மகளிர் குழுவினர் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களுக்கு அதை விற்றுவிட்டுக் கோடீஸ்வரராகி இருக்கலாம். அவர் கிராமத்து மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். அவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரை வைத்து விற்றுக்கொள்ளலாம். மனைவி திரும்பி வந்தார்! 2016-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

குளியலறைக்குப் போவோம். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர் என்றிருந்த காலம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் வாங்கும்படி எதையும் சின்னப் பொட்டலத்தில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். சாஷே யோசனை அவருடையது. வளர்வதைப் பார்க்குமுன் இறந்துபோனார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன், சகோதரர்களின் தொழிலிலிருந்து விலகி, 15,000 ரூபாயோடு தனியாக 1983-இல் தொடங்கினார். தன் ஷாம்புக்கு வைத்த பெயர் சிக். அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது தெரியுமா!

விற்பனை தானாக வரவில்லை. ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று காட்டினார்கள். எந்த ஷாம்பு ஆனாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச காலம் கழித்து, காலி சாஷே சிக் சாஷேவாகவே இருக்கவேண்டும் என்று மாற்றினார். அதற்குள் மக்களுக்குப் பழகிவிட்டது! விளம்பரத்துக்குப் பெரிய பணமில்லாதவர் கண்டுபிடித்த வழி. அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர்.

வேகமாக இன்னும் இரண்டு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அருண் ஐஸ்கிரீம், 1970-இல் ராயபுரத்தில் 250 சதுர அடி இடத்தில் குச்சி ஐஸாகப் பிறந்தது! திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி. சந்திரமோகனுக்கு அப்போது வயது 21, முதல் 13,000 ரூபாய். தள்ளுவண்டியில்தான் விற்றார்கள். மதுரையில் பேருந்துத் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார் ரயில்வே வேலையை உதறிவிட்டு வந்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வண்டிகளை நிறுத்தினாரா? கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் சாதனத்தைத் தன் பட்டறையிலேயே செய்தார்!

கடைசியாக, மதுரைக்குப் பக்கத்தில் புல்லுசேரி. சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், பண்ணைக்காரர்களிடம் கூலி பேசி வாங்கித் தருவார். முதியவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வார். கந்துவட்டி குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்த நாளில், களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவில் சேர்ந்தார். கூலிக்காரப் பெண்கள் மாதாமாதம் சிறுவாடு போடுவது, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது. ஆடு வாங்க, மாடு வாங்க, கடை வைக்க, மீட்க முடியாமல் கிடந்த நிலத்தை மீட்க, அவர்கள் பணமே அவர்களுக்கு உதவியது. ஒரு குழு நடந்ததும் அடுத்த ஊருக்குப் போய், வீடு வீடாகச் சொல்லி இன்னொரு குழு சேர்த்தார். சந்தேகப்பட்டார்கள், ஏசினார்கள். அடுத்த நாளும் போனார்.

டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது என்ன நடந்தது தெரியுமா? அன்றைய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார்! நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. 2019-இல் பத்மஸ்ரீயும் சின்னப்பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். களஞ்சியமோ மதுரை எல்லையையும் தமிழ்நாட்டு எல்லையையும் தாண்டி, லட்சக்கணக்கான பெண்கள் சேர்ந்த இயக்கமாகப் பல மாநிலங்களில் நடந்துகொண்டிருக்கிறது!